கொழுந்தும் குருத்தும்: செடியை நடத்தும் ஒட்சின்

(மன்னாருக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடையே, இவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விவசாய ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இரவிரவாக பஸ்ஸில் வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரியுது. நீட்டிப் பேச மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய், ஒரு கூட்டத்தைக் கண்டால் சும்மா இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்த மண் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் பூட்டன்மார் இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியேறி, தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தவர்கள். அந்த வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் எத்தனையோ பேர். 1914 இல் தலைமன்னாருக்கு ரயிலும், கடலைக் கடக்கக் கப்பலும் வந்தன. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே துறையால்தான் பல்லாயிரம் குடும்பங்கள் அழுதுகொண்டு திரும்பிப் போயின. 1990 இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 இல் திரும்பவும் ஓடத் தொடங்கியது. இதெல்லாம் உங்கள் வீட்டுக் கதை. நான் சொல்ல வந்தது வேறு விசயம்.

மன்னாருக்கு வருகிற வழியில் பனைகளைப் பார்த்திருப்பீர்கள். போர்க் காலத்தில் வடக்கிலே ஷெல் பட்டுத் தலை போன பனைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. மொட்டையாகக் கம்பம்போல நின்று, நின்ற இடத்திலேயே உக்கிப் போயின. ஒன்றாவது பக்கத்தாலே துளிர்த்து நான் காணவில்லை. இப்போது உங்கள் மலையை நினைத்துப் பாருங்கள். தேயிலைச் செடியின் தலையை நீங்கள் வாரத்துக்கு ஒருதரம் கிள்ளுகிறீர்கள். சில வருசத்துக்கு ஒருதரம் கவ்வாத்துக் கத்தியால் இடுப்புக்குக் கீழே வெட்டி மொட்டையாக்குகிறீர்கள். அது செத்தா போகுது? முன்னையைவிட அதிகமாகத் துளிர்க்குது. பனைக்கு ஒருதரம் தலை போனால் உயிர் போகுது. தேயிலைக்குத் தலை போகப் போகத்தான் வாழ்வு. இது ஏன்?

இதற்கு விடை ஒரு பொருளில் இருக்கிறது. அதன் பெயர் ஒட்சின். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஆக்சின் என்று எழுதுவார்கள். இது ஒரு ஓமோன். நம்முடைய உடம்பிலும் ஓமோன்கள் இருக்கின்றன. பிள்ளையை வளரச் சொல்வதும், பெண்பிள்ளையைப் பெரியபிள்ளை ஆக்குவதும் அவைதான். செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனாலும் நுனிக்கும் வேருக்கும் செய்தி போக வேண்டும் அல்லவா? அந்தச் செய்தியைக் கொண்டு போகிறவற்றில் முக்கியமானது ஒட்சின். இளங்கொழுந்திலும் பிஞ்சு இலையிலும் இது கூடுதலாக உண்டாகிறது. அங்கிருந்து கலத்துக்குக் கலம் கைமாறிக் கீழ்நோக்கி இறங்குகிறது. பெரட்டுக் களத்திலே சொல்கிற வேலை, ஆள் மாறி ஆள் மாறிக் கடைசி மலைக்குப் போய்ச் சேருவது போல என்று வையுங்கோ.

இதைக் கண்டுபிடித்த கதை நல்ல கதை. இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வின், குரங்கிலிருந்து மனிதன் என்று ஊரெல்லாம் பேசுகிற அதே டார்வின், தன் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து புல் நாற்றுகளை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். நாற்று வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. நுனிக்கு மட்டும் ஒளி புகாத ஒரு சின்னத் தொப்பி போட்டுவிட்டால் வளையவில்லை. வளைகிற இடம் நுனியல்ல, அதற்குக் கீழே. ஆகவே நுனி ஏதோ ஒன்றைக் கண்டு கீழே சொல்லி அனுப்புகிறது என்று 1880 இல் எழுதினார்கள். அந்த ஏதோ ஒன்று என்ன என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஐம்பது வருசம் கழித்து ஒல்லாந்து நாட்டில் பிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் பிடித்தார். ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி, அகர் கட்டியின்மேல் கொஞ்ச நேரம் வைத்தார். அகர் என்றால் கடற்பாசியில் காய்ச்சி எடுப்பது. இராமேஸ்வரம் பக்கத்துக் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்களே, அந்தப் பாசி வகை. பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்தக் கட்டியை மட்டும் தலை வெட்டிய நாற்றின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டறை. வெளிச்சமே இல்லை. ஆனாலும் நாற்று வளைந்தது! கட்டி இருந்த பக்கம் கூட வளர்ந்து மற்றப் பக்கமாகச் சாய்ந்தது. நுனியிலிருந்து ஒரு பொருள் கட்டிக்குள் இறங்கியிருக்கிறது என்பது அதோடு நிச்சயமாயிற்று. இது 1926 முதல் 1928 வரை நடந்த வேலை. கிரேக்க மொழியில் ‘பெருகுதல்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து இதற்கு ஒட்சின் என்று பெயர் வந்தது. 1934 இல் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமோ? மனிதருடைய சிறுநீரிலிருந்து! பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அப்போதுதான் மறக்காது.

பெருகுதல் என்று சொன்னேனே, மன்னாரிலே பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது, போகிற வழியில் இறங்கிப் பாருங்கள். அரபு வியாபாரிகள் கொண்டுவந்து நட்டது என்பது ஊர்ப் பேச்சு. உயரம் பெரிதாக இல்லை, இருபத்தைந்து அடி அளவுதான். அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றருக்கு மேல்! பத்துப் பேர் கைகோத்தாலும் எட்டாது. செடி உயர்வது மட்டுமல்ல, மரம் பருப்பதும் ஒட்சின் கீழே இறங்குகிற வழியில்தான் நடக்கிறது. பட்டைக்கும் வைரத்துக்கும் நடுவே மெல்லிய தோல் மாதிரி ஒரு படை இருக்கிறது. அதை ஒட்சின் தூண்டத் தூண்ட வருசா வருசம் புதிய மரம் கட்டுகிறது.

இனி நாம் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு சின்ன அரும்பு உறங்கிக்கொண்டிருக்கும். உச்சிக் கொழுந்து இருக்கும்வரை அங்கிருந்து இறங்குகிற ஒட்சின் அந்தப் பக்க அரும்புகளை எழும்ப விடாது. இதை நுனி ஆட்சி என்று சொல்லுவோம். கங்காணி இருக்கும்வரை ஆள்கள் வாய் திறக்காதது போல என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும், ஆனால் முன்வரிசையில் இருக்கிற ஐயா கங்காணியாக இருந்தவர் என்று கேள்வி, அதனால் அந்த உதாரணத்தை விட்டுவிடுகிறேன். உச்சியைக் கிள்ளினால் ஒட்சின் வரத்து நின்றுபோகும். உறங்கின அரும்புகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் கண் திறக்கும். ஒரு கொழுந்து எடுத்த இடத்தில் நாளைக்குப் பல கொழுந்து. விட்டுவிட்டால் தேயிலை முப்பது அடிக்கும் மேலே போகிற மரம். இடுப்பளவில் மேசைபோலப் பரந்து நிற்பது செடியின் குணமல்ல, உங்கள் விரல்களின் வேலை. நூற்றைம்பது வருசத்துக்கு மேலாக அந்தக் கைகள் நுனி ஆட்சியை உடைத்து உடைத்துத்தான் இந்த நாட்டுத் தேயிலை உலகமெல்லாம் போனது. புத்தகத்தில் இந்தப் பாடத்துக்குப் படம் போடுகிறவர்கள் ஏதோ ஒரு பூச்செடியைப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் தேயிலைச் செடியையும் அதற்குப் பக்கத்தில் கூடையோடு நிற்கிற அம்மாவையும்தான் போட வேண்டும்.

ஒட்சின் தனியாளாக நின்று இதைச் செய்யவில்லை என்பதையும் இப்போது கண்டிருக்கிறார்கள். ஸ்ட்ரிகோலக்டோன் என்ற இன்னொரு ஓமோனும் பக்க அரும்பை அடக்குகிறது என்று 2008 இல் தெரிந்தது. உச்சிக் கொழுந்து இலைகள் ஆக்குகிற சீனிச் சத்தை முழுக்கத் தனக்கே இழுத்துக்கொள்ளுகிறது, அதை வெட்டினதும் அந்தச் சீனி முதலில் பக்க அரும்புக்குப் போய் அதை எழுப்புகிறது என்று 2014 இல் காட்டினார்கள். கவ்வாத்துக்கு முன்னே செடியின் வேரில் மாச்சத்துச் சேமிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அதிலும் இதே நியாயம்தான். கட்டளை நீங்கினால் போதாது, எழும்புகிற அரும்புக்குச் சாப்பாடும் வேண்டும்.

எங்கள் ஊரிலும் கொழுந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆடும் கழுதையும்! மன்னார்க் கழுதைகளை றோட்டிலே கண்டிருப்பீர்கள். இவை பற்றை பற்றையாக நுனியைக் கடித்துக் கடித்துச் செடிகளைத் தேயிலை மாதிரி அடர்த்தியாக்கி வைத்திருக்கின்றன. கழுதைக்குப் பேர்க்காசு இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் கடலோரத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிற மரங்களைப் பார்த்து அதுவும் ஒட்சின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். சோளகக் காற்று உப்பை அள்ளி வீசும்போது காற்றுப் பக்கத்து அரும்புகள் கருகிப்போகின்றன, மறுபக்கத்து அரும்புகள் பிழைக்கின்றன. சாய்வு அதனால் வருவது.

சரி, பனை ஏன் செத்தது? பனைக்குத் தண்டு முழுவதற்கும் உயிருள்ள நுனி ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் குருத்து என்கிறோம். தேயிலைக்கு இருப்பது போல உறங்கும் பக்க அரும்புகள் பனந்தண்டில் காத்துக்கொண்டிருக்கவில்லை. நுனி போனால் ஆட்சி போகும், ஆனால் அடுத்து எழும்ப ஆளில்லை. தென்னைக்கும் கமுகுக்கும் இதே விதிதான். ஆகவே கொழுந்து கிள்ளிப் பழகின கையென்று வீட்டுத் தென்னங்கன்றின் குருத்தில் கை வைக்க வேண்டாம். கருவண்டு குருத்தைத் துளைத்தால் மரமே போகிறதும் இதனால்தான்.

பனையைப் பற்றி இன்னொன்று. பனங்கொட்டையைப் பாத்தியிலே அடுக்கி மண் போடுவோம். கொட்டை எந்தப் பக்கம் புரண்டு கிடந்தாலும் சரி, முளை வளைந்து திரும்பி நேராகக் கீழே போகும். மூன்று நாலு மாதத்தில் அதுதான் கிழங்கு. அவித்துத் தின்னலாம், வெயிலில் காய வைத்தால் ஒடியல், மாவாக்கினால் கூழ். மண்ணுக்குள் இருட்டிலே கீழ் எது மேல் எது என்று செடிக்கு எப்படித் தெரியும்? வேர் நுனிக் கலங்களில் கனமான மாமணிகள் இருக்கின்றன. அரிசி அரிக்கும்போது கல் அடியில் படிவது போல அவை எப்போதும் கலத்தின் அடிப்பக்கம் படியும். அந்தப் பக்கமாக ஒட்சின் கூடுதலாகத் திருப்பி விடப்படும். இப்போது கவனமாகக் கேளுங்கோ. தண்டிலே ஒட்சின் கூடினால் அந்தப் பக்கம் நீளும். வேரிலே கூடினால் அந்தப் பக்கம் நீளாமல் பின்னிற்கும். ஆகவே படுத்துக் கிடக்கிற தண்டு மேலே வளையும், வேர் கீழே வளையும். மருந்து ஒன்றுதான், உறுப்பைப் பொறுத்து வேலை மாறுகிறது. விடத்தல்தீவுப் பக்கம் சேற்றிலே வெண்கண்டல் நிற்கிறது. அதன் மூச்சு வேர்கள் ஆணி அடித்து வைத்தது போல மேல்நோக்கி வளர்ந்து நிற்கும். வேர் என்றால் கீழேதான் போகும் என்கிற சட்டத்துக்கு எங்கள் கடற்கரையில் விலக்கும் உண்டு.

இதுவரை சொன்னது செடி தானே உண்டாக்கும் ஒட்சின். இனிச் சொல்லப் போவது மனிதன் செய்த ஒட்சின். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பின்வரிசைத் தம்பிமார், மருந்து அடிக்கிற வேலை செய்கிறவர்கள், கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ.

1940களில், உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒட்சினைப் போலவே வேலை செய்கிற செயற்கைப் பொருள்களைச் செய்தார்கள். டூ-ஃபோர்-டி, எம்.சி.பி.ஏ. என்ற பெயர்களில் வந்தவை. செடி தன்னுடைய ஒட்சினைத் தேவைக்கு உண்டாக்கும், தேவை முடிந்ததும் அழித்துவிடும். இவற்றை அது லேசில் அழிக்க முடியாது. ஆகவே வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறது. தண்டு முறுகும், இலை கிண்ணம்போலக் குவியும் அல்லது நூலாகச் சுருங்கும், கடைசியில் செடி சாகும். அகன்ற இலைச் செடிகள்தான் பெரும்பாலும் இப்படிச் சாகின்றன. நெல், புல் வகைகள் அந்த மருந்தைத் தங்களுக்குள் உடைத்துத் தப்பிவிடுகின்றன. அதனால்தான் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற முருங்கன் பக்கத்து வயல்களில் எம்.சி.பி.ஏ. மாதிரி மருந்தை அடித்தால் நெல் நிற்கும், அகன்ற இலைக் களை போகும். கிளைபோசேட் என்பது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது அல்ல. அது வேறு வழியில் கொல்லுகிறது, புல்லையும் கொல்லும்.

வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காட்டின்மேல் தெளித்த ‘ஏஜென்ட் ஒரேஞ்ச்’ என்பது இந்த வகை மருந்துகள் இரண்டின் கலவை. அதில் ஒன்றோடு டையொக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது. அங்கே மனிதர்களுக்கு வந்த கேட்டுக்கு முக்கியக் காரணம் அந்த டையொக்சின்தான். நெல்லுக்கு அடிக்கிற மருந்தும் அதுவும் ஒன்றென்று பயப்படுத்தவில்லை. ஆனால் மருந்து மருந்துதான், தண்ணீர் அல்ல.

போன காலபோகத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நடுப்பகல் காற்றிலே மருந்து அடித்தார்கள். நாலாம் நாள் எங்கள் தக்காளி இலையெல்லாம் முறுகிப் போயிற்று. வீட்டிலே வைரஸ் நோய் என்று பிடுங்கப் பார்த்தார்கள். காற்று வந்த பக்கத்துச் செடி மட்டும், ஒரே நாளில், புதுக் கொழுந்திலே முறுகினால் அது பெரும்பாலும் மருந்துப் புகார். தக்காளி, போஞ்சி, திராட்சை, முருங்கை இவையெல்லாம் இந்த மருந்துக்குச் சீக்கிரம் மயங்குகிற சாதி. லயத்துக்குப் பின்னால் நீங்கள் வைத்திருக்கிற போஞ்சிப் பாத்தியும் இதில் சேர்த்திதான்.

ஆகவே காற்று இல்லாத காலை வேளையில் அடியுங்கள். களைநாசினி அடித்த அதே தாங்கியில் மரக்கறிக்குப் பூச்சி மருந்து கலக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் நிற்கும், தக்காளிக்கு அந்தக் கொஞ்சமே போதும். தாங்கியைப் பீலிக்கரையில் கழுவாதீர்கள், கீழ் லயத்தில் பிள்ளை குடிக்கிற தண்ணீர் அது. வெறும் கானில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்க வேண்டாம், துளை போட்டு விடுங்கள். அடித்த உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். கையுறையும் முகமறைப்பும் கேட்டால் ‘இவன் பெரிய ஆள்’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஒரு அம்மா கேட்கிறார், மன்னார் முருங்கைத் தடி கொண்டு போனால் மலையிலே பிடிக்குமோ என்று. நல்ல கேள்வி, அதிலும் ஒட்சின்தான் இருக்கிறது. உங்கள் நாற்றுமேடையில் வீ.பீ. கன்று எப்படி வளர்க்கிறீர்கள்? ஒரு இலை, ஒரு கணு, கீழே சின்னத் துண்டுத் தண்டு; அதைப் பொலித்தீன் பையில் குத்துகிறீர்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த 2025 போன்ற இனங்கள் இந்த முறையில்தான் மலை மலையாகப் பரவின. அந்த இலையும் அரும்பும் அனுப்புகிற ஒட்சின் இறங்கி அடிமுனையில் தேங்குகிறது. போக வழியில்லாமல் அங்கே வேரை உண்டாக்குகிறது. கடையில் விற்கிற வேர்த் தூளிலும் இதே இனத்துப் பொருள்தான் இருக்கிறது. இலையைக் கிழித்துவிட்டுக் குத்தினால் வேர் பிடிக்காமல் போவது எதனால் என்று இப்போது விளங்கியிருக்கும்.

முருங்கைத் தடியும் அப்படியே. ஆனால் ஒன்று, தடிக்குத் தலை எது கால் எது என்று அதற்கே தெரியும். மேலிருந்து கீழே என்ற ஒரே திசையில்தான் அதற்குள் ஒட்சின் போகும். ஒட்சினைக் கடத்துகிற வாசல்கள் கலத்தின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. தடியைத் தலைகீழாக நட்டாலும் பழைய அடிமுனையில்தான் வேர் விடப் பார்க்கும், அது இப்போது ஆகாயத்தில் இருக்கும். ஆகவே இங்கே வெட்டும்போதே மேல்முனையில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். பஸ்ஸிலே கட்டுக்கட்டாகப் போட்டால் பிறகு யாருக்கும் அடையாளம் தெரியாது. கைமொத்தமுள்ள முற்றின கிளையாக, மூன்று நாலு அடி நீளம் வெட்டுங்கள். மேல்முனையில் சாணி அப்புவது காயாமல் இருக்க, வேருக்காக அல்ல. நட்டுத் துளிர்த்து இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக் கம்பாக ஓடிக் காயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்த் தொங்கவிடும். கிள்ளுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நுவரெலியாக்காரருக்கு மட்டும் வேண்டாம், அந்தக் குளிரில் முருங்கை தேறாது. மாத்தளை, பதுளைக் கீழ்ப்பகுதி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ஆள்கள் கூட்டம் முடிந்ததும் வளவுக்கு வாங்கோ. ஆளுக்கு இரண்டு தடி வெட்டித் தாறேன்.